சண்டிக்கட்டு

அழகரத்தினம் நாயிடம் கடிபட்டுச் சம்பாதிக்கிறவன். இதைச் சொல்ல அவனுக்கு வெட்கம் கிடையாது. வெட்கமெல்லாம் மனைவி யோகமலருக்குத்தான். சித்தாண்டிக் கோயிலடியில் யாராவது விசாரித்தால், "கரடியனாத்துப் பக்கம் ஒரு பண்ணையில நிக்கிறார்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள். கேட்டவர்கள் மாட்டுப்பண்ணை என்று நினைத்துக்கொண்டால் அது அவர்கள் பாடு.

அந்தப் பண்ணைக்கு மதில் கட்டப் போன மேசன் வேலைக்காரன்தான் அவன். பொலிஸ் நாய்ப் பிரிவிலிருந்து ஓய்வுபெற்ற கந்தப்போடி, காவல் நாய்களைப் பழக்கி விற்பதற்காகத் தொடங்கிய இடம் அது. ஒருநாள் கள்ளனாக நடிக்க வேண்டிய ஆள் வரவில்லை. சணல் சுற்றிய தடித்த கைக்கவசத்தை அழகரத்தினத்தின் இடக்கையில் மாட்டிவிட்டு, "நீ சும்மா ஓடு, மிச்சத்த நாய் பார்த்துக்கொள்ளும்" என்றார் கந்தப்போடி. ஓடினான். நாய் பார்த்துக்கொண்டது. அதற்குப் பிறகு மேசன் கரண்டியை அவன் தொடவேயில்லை.

கடிபடுவதற்கும் கைராசி வேண்டும். பாய்ந்து வரும் நாய்க்குக் கையைக் கல்லாக வைத்திருந்தால் அதன் பல் போய்விடும். வெடுக்கென்று இழுத்தாலோ அதற்கு நம்பிக்கை போய்விடும். வருகிற வேகத்துக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வாங்க வேண்டும். அது அழகரத்தினத்துக்கு யாரும் சொல்லாமலே வந்தது.

ஆனால் பண்ணைக்கு ஒரு மானக்கேடு வந்து சேர்ந்தது. இறால் வளர்ப்புக்காரர் ஒருவருக்கு விற்ற நாய், உண்மையான கள்ளன் வந்தபோது அவனைத் தாண்டி ஓடி, வேலியில் காயப்போட்டிருந்த சணல் சாக்கைப் பிடித்துத் தொங்கியது. கள்ளன் வலையை நிரப்பிக்கொண்டு ஆறுதலாகப் போனான். நாயில் என்ன பிழை? அது படித்தது சணலைக் கடிக்கத்தானே! ஊர் சிரித்தது. கந்தப்போடி சாப்பாட்டை விட்டார்.

அதோடு பழக்குகிற முறையே மாறிற்று. கண்ணுக்குத் தெரிகிற கவசம் இனி இல்லை. சட்டைக் கைக்குள்ளே மெல்லிய தோல் கவசம் மட்டும். அழகரத்தினம் வீட்டில் நிற்பதுபோல் சாரமும் சட்டையுமாக வருவான். ஒருநாள் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிவான், இன்னொரு நாள் வாவிக்கரையில் தோணிக்குள் படுத்துக்கிடப்பான், வேறொரு நாள் பட்டப்பகலில் படலையைத் திறந்துகொண்டு நேரே உள்ளே வருவான். எங்கே வந்தாலும் நாய் பிடிக்க வேண்டும்.

இப்படிப் பழகியவற்றில் முதலாவது ஜூலி. பெயர்தான் செல்லம், வாய் முதலை. ஏறாவூரில் நெல் மில் வைத்திருக்கும் ஹலீம் ஹாஜியார் அதை ஆசையோடு வாங்கிப் போனார். நாயைத் தொடுவது அவர்களுக்கு வழக்கமில்லை என்பதால், கட்டவும் அவிழ்க்கவும் தீன் போடவும் ஒரு காவலாளியை வைத்தார்.

கொண்டுபோன கிழமையே ஹாஜியாரின் போன் வந்தது. "நாய் நல்ல நாய்தான். ஆனா மூட்ட தூக்குற பஸ்லான் மேல சும்மா இருக்கக்குள்ள பாஞ்சிட்டு. சங்கிலி இருந்ததால தப்பினான். வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்கு மில்லப் பூட்டிட்டுப் போகக்குள்ள மட்டும் அவிட்டு விடப்போறன். ஆள் இல்லாத நேரம்தானே."

"புது இடம், பழகினாச் சரி" என்று சமாதானம் சொல்லிப் போனை வைத்த கந்தப்போடி, அழகரத்தினத்தின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "நாய் வித்த காசு குரைக்காதுடா. நீ ஏன் குரைக்கிறாய்?"

அழகரத்தினத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜூலி காரணமில்லாமல் பாயாது. அதை அவன் கை அறியும். சோற்றைப் பிசைந்தான், எழுந்தான். படுத்தான், எழுந்தான். "நாய விட்டுட்டு வந்தியளா, நாயாவே வந்தியளா?" என்று யோகமலர் எரிந்து விழுந்தாள்.

வெள்ளி மதியம் கூடுகளைக் கழுவப் போனான். வெயிலுக்கு நாய்களெல்லாம் அயர்ந்து கிடந்தன. சாரம் நனையாமலிருக்க அதை முழங்காலுக்கு மேல் தூக்கி மடித்துச் சண்டிக்கட்டாக இடுப்பில் கட்டினான். அத்தனை நாயும் ஒரே நேரத்தில் எழுந்து கம்பியில் பாய்ந்தன. திடுக்கிட்டுச் சாரத்தை இறக்கினான். அடங்கிப் படுத்தன. மெல்ல மறுபடியும் கட்டினான். மறுபடியும் பாய்ந்தன.

கள்ளனாக ஓடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் அவன் சண்டிக்கட்டுக் கட்டியிருக்கிறான். கட்டாமல் ஓடினால் தடக்கி விழவேண்டியதுதானே. மூட்டை, தோணி, படலை எல்லாம் மாறின, அது மட்டும் மாறவில்லை. சாரத்தைத் தூக்கிக் கட்டுகிறவன் கள்ளன். ஜூலி படித்த பாடம் இவ்வளவுதான். வயல் வட்டைக்குள் இறங்குகிற வெள்ளாமைக்காரன், வாவியில் வலையோடு இறங்குகிறவன், மேசன், மூட்டை தூக்குகிறவன், வேலைக்கு இறங்குகிற எந்த மனிதன் அதைக் கட்டாமல் இறங்குகிறான்? உண்மையான கள்ளன் இந்தக் காலத்தில் கட்டைக் காற்சட்டையல்லவா போட்டு வருகிறான்! தன்னைப் போன்றவனைப் பார்த்துக் கடிக்கத் தானே பழக்கிவிட்டதை நினைக்க அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

ஹாஜியாருக்குப் போன் எடுத்தான். பள்ளிவாசலில் தொழுகையில் இருப்பார்; போன் வேலை செய்யவில்லை. மோட்டார் சைக்கிளை உதைத்தான். செங்கலடிச் சந்தியில் ஒரு பஸ் வழியை மறித்து நின்றபோது அதன் சாரதியையும் அவன் தலைமுறையையும் திட்டித் தீர்த்தான்.

மில் வாசலில் மூட்டை ஏற்ற வந்த லொறி நின்றது. சொன்ன நேரத்துக்கு முந்தியே வந்துவிட்டது போலும். படலை திறந்து கிடந்தது. காவலாளி சாப்பிடப் போய்விட்டான் போலும். உள்ளே நெல் காயப்போடும் களத்தின் நடுவில், தொழுகை முடிந்து முந்தி வந்த பஸ்லான் நின்று சாரத்தின் நுனியைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தான். அவன் பார்க்காத பக்கம், களத்தின் ஓரத்து நிழலில் ஜூலி படுத்திருந்தது. சங்கிலி இல்லை.

"கட்டாத! தம்பி, சாரத்தக் கட்டாத!"

யாரோ பைத்தியம் என்று நினைத்த பஸ்லான் அவனைப் பார்த்துக்கொண்டே கட்டி முடித்தான். ஜூலி எழுந்தது.

நிற்கிறவனை விட ஓடுகிறவனைத்தான் நாய் பிடிக்கும். அழகரத்தினம் மோட்டார் சைக்கிளை விழவிட்டு, தன் சாரத்தைத் தொடைவரை வாரிக்கட்டிக்கொண்டு களத்துக்குக் குறுக்கே ஓடினான். பின்னால் நகங்கள் சீமெந்தில் கீறி வரும் சத்தம் அவனுக்குப் பழகியதுதான். பழக்கத்தில் இடக்கையைத் திருப்பிக் கொடுத்தான். அந்தக் கையில் ஒன்றும் இல்லை.

ஜூலியின் கடியில் இருந்த பாரத்தை அவன் நூறுமுறை வாங்கியிருக்கிறான். பற்களை இப்போதுதான் அறிந்தான்.

"விடு, ஜூலி! விடு!"

கள்ளன் சொல்லி எந்த நாய் விடும்? அது இன்னும் இறுக்கிற்று. படலையடியில், தொழுகை முடிந்து தொப்பியோடு வந்த ஹலீம் ஹாஜியார் விறைத்து நின்றார்.

"ஹாஜியார், நீங்க சொல்லுங்க! விடு எண்டு சொல்லுங்க!"

"விடு!" என்றார் அவர். ஜூலி உடனே விட்டது. நல்லபிள்ளையாக உட்கார்ந்து அவரைப் பார்த்தது.

பஸ்லான் தன் தோள் துண்டைக் கிழித்து அவன் கையைச் சுற்றினான். ஹாஜியாருக்கு நடுக்கம் கோபமாக மாறிற்று. "யா அல்லாஹ்! என்ன நாயப்பா வித்தீங்க? இத உசிரோட வெக்கிறதா?"

"நாயில பிழையில்ல ஹாஜியார். சொல்லிக் குடுத்தவன் நான். இவளக் கொல்லாம எனக்குத் திருப்பித் தாங்க" என்று கெஞ்சினான் அழகரத்தினம். ஹாஜியார் பஸ்லானைப் பார்த்தார், வடிகிற இரத்தத்தைப் பார்த்தார். "கொண்டு போங்க" என்றார்.

தையலும் ஊசியும் முடிந்து, கட்டுப்போட்ட கையோடு பண்ணைக்கு வந்தவன் நேரே, திரும்பி வந்துவிட்ட ஜூலியின் கூட்டுக்குப் போனான். முன்னால் நின்று, ஒற்றைக் கையால் தடுமாறிச் சாரத்தைத் தூக்கிச் செருகினான். ஜூலி கம்பியில் பாய்ந்தது. அவன் ஓடவில்லை. இறக்கினான், மறுபடி செருகினான்.

கந்தப்போடி வந்து பக்கத்தில் நின்றார். "பழக்கினதையெல்லாம் அழிச்சுப்போட்டா மறுகா ஆர் கள்ளன் எண்டு இவளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்கப்போறாய்?"

"அது எனக்குத் தெரியா ஐயா. ஆர் கள்ளன் இல்ல எண்டத முதல்ல சொல்லிக் குடுக்கோணும்."

கந்தப்போடி குனிந்து, தன்னுடைய சாரத்தையும் மடித்துக் கட்டிக்கொண்டு அவன் பக்கத்தில் நின்றார்.