ஷட்டரைத் திறக்குமுன் ஊத வேண்டிய சைரன்

அணையில் ஷட்டர் திறக்கிறவன் பிழைப்பு என்ன தெரியுமா? திறந்தால் "ஏன்டா திறந்தே?", திறக்காவிட்டால் "ஏன்டா திறக்கலே?" பஸ் கண்டக்டர்கள், ரேஷன் கடையில் எடை போடுகிறவர்கள், ஆஸ்பத்திரி வாசலில் டோக்கன் கொடுக்கிறவர்கள் எல்லோரும் இதைப் படித்துவிட்டுத் தலையாட்டுவீர்கள். நாமெல்லாம் ஒரே ஜாதி, திட்டு வாங்குகிற ஜாதி.

எங்கள் தீவில் பாம்பூஃப்ளாட் ஊருக்கு மேலே காட்டுக்குள் ஒரு சின்னக் குடிதண்ணீர் அணை. அங்கேதான் எனக்கு வேலை. மழைக்காலத்தில் அணை நிரம்பிவிடும். ஷட்டரைத் தூக்கி உபரித் தண்ணீரை ஓடையில் விட வேண்டும். விடுவதற்கு முன் சைரன் ஊத வேண்டும், ஓடையில் துணி துவைக்கிறவர்கள், மாடு குளிப்பாட்டுகிறவர்கள் கரையேறட்டும் என்று. ஊதிவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்துத் திறக்க வேண்டும். இதுதான் ரூல். மெயின்லேண்டில் உட்கார்ந்து யாரோ எழுதியது. அந்த ஆளைச் சொல்லியும் குற்றமில்லை, அவர் எழுதும்போது சுனாமி வந்திருக்கவில்லை.

எந்தப் பக்கம் மேடு?

சுனாமிக்கு அடுத்த மழைக்காலம். ஓடை கடலில் சேருகிற தாழ்வான இடத்தில் தகரக் கொட்டகைகள் போட்டு, வீடு வாசல் போனவர்களைக் குடிவைத்திருந்தார்கள். பெரும்பாலும் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்து ஜனம். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு, கச்சாலில் ஒரு வழியாகக் காலூன்றி, அங்கிருந்தும் கடல் துரத்தி இங்கே வந்து சேர்ந்தவர்கள். அவர்கள் இருந்த கரை முழுக்க அலையாத்திக் காடும் சேறும்தான். ஏறி நிற்க ஒரு குன்று வேண்டுமென்றால், தரைப்பாலம் வழியாக ஓடையைத் தாண்டி மறு கரைக்குத்தான் போக வேண்டும்.

அன்றைக்கு அணையில் விளிம்பு வரை தண்ணீர். சைரனை ஊதினேன். என்னோடு வேலை பார்க்கிற மங்ரா, ராஞ்சிக்காரன், சக்கரத்தில் கை வைத்துவிட்டான். மேலேயிருந்து பார்த்தால் தரைப்பாலம் தெரியும். ஆளெல்லாம் விலகியாச்சா என்று பார்க்கிறேன். விலகுவதாவது! கொட்டகை மொத்தமும் அலறியடித்துக்கொண்டு ஓடிவருகிறது. "பானி ஆயா! பாகோ! பாகோ!" தண்ணி வந்துருச்சு, ஓடு ஓடு என்று அத்தனை பேரும் தரைப்பாலத்தின் மேல். கடைசியாக ஒரு பெண், முதுகில் ஒரு ஆம்பளையைச் சுமந்துகொண்டு வருகிறாள். "ருக்கோ மங்ரா, ருக்கோ!" என்று கத்தினேன். நல்லவேளை, அவன் இன்னும் சுற்றத் தொடங்கவில்லை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கீழே ஓடிப்போய், "அறிவிருக்கா உங்களுக்கு? ஓடையை விட்டு ஏறுங்கன்னு ஊதுனா, ஓடைக்குள்ளயே வந்து நிக்கிறீங்களே!" என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அந்தப் பெண் தன் புருஷனைப் பாறையில் இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பேர் லெட்சுமி. அலை அடித்ததில் அவருக்கு இடுப்புக்குக் கீழே விளங்காமல் போயிருந்தது. அதே அலை அவர்கள் மகளைக் கொண்டுபோயிருந்தது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. நான் திட்டி முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு அவள் சொன்னாள்: "சைரன் ஊதுனா மேட்டுக்கு ஓடுங்கன்னு சர்க்காருதான் வந்து பழக்கிக் குடுத்துச்சு தம்பி. மேடு இந்தப் பக்கந்தான இருக்கு?"

ஃபைல்

மறுநாள் காலை முதல் போட்டைப் பிடித்து எதிர்க்கரையில் சாத்தமில் இறங்கி ஆபீசுக்குப் போனேன். எங்கள் ஜூனியர் இன்ஜினியர், ஜே.ஈ., மதுரைக்காரர், மோசமான ஆள் இல்லை. "சார், அந்தச் சைரனும் சுனாமிச் சைரனும் ஒரே சத்தம். நான் ஊதுனா ஜனங்க செத்தோம் பிழைச்சோம்னு பாலத்துக்கு வர்றாங்க. நான் திறந்தா பாலத்தோட போவாங்க. வேற சத்தத்துல ஒண்ணு குடுங்க. ஒரு கோயில் மணி குடுத்தாக்கூடப் போதும்" என்றேன்.

அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. மேலே எழுதிக் கேட்டிருக்கிறார், "நடப்பு விதிகளின்படி செய்க" என்று பதில் வந்திருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆளுங்க செத்தா விதியவா சார் ஜெயில்ல போடுவாங்க? என்னைத்தானே போடுவாங்க!" என்று மேஜையைத் தட்டிவிட்டேன். அடுத்த அறையில் டைப் அடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. ஜே.ஈ. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார்: "நீ சொல்றது நூத்துக்கு நூறு சரிய்யா. சரின்னு எழுத எங்கிட்ட ஃபைல் இல்லை, அதான் பிரச்சினை."

"ஓடாதீங்க"

ஃபைல் வராவிட்டாலும் வாய்மொழி உத்தரவு வந்தது. கொட்டகைக்குப் போய், "அணைச் சைரனுக்கு ஓடாதீங்க" என்று சொல்லிவிட்டு வர வேண்டுமாம். நானும் மங்ராவும் போனோம். தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருக்கிறவரிடமே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. லெட்சுமி கடுந்தேநீர் கொடுத்தாள். அவள் புருஷன் கட்டிலில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரு வாத்தியார் மாதிரி விளக்கினேன்: நாங்கள் ஊதுவது தண்ணீர் திறக்க, துறைமுகத்தில் ஊதுவது கடலுக்கு, எங்கள் சைரனுக்கு நீங்கள் பாட்டுக்கு வீட்டில் இருங்கள், போதும்.

பேசி முடித்ததும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இரண்டும் ஒரே மாதிரி அலறுகிறவை, காற்றடிக்கிற பக்கத்தைப் பொறுத்து எது எங்கிருந்து வருகிறது என்று எனக்கே தெரியாது. இப்படி ஒரு முட்டாள்தனத்தைச் சொல்ல என்னை அனுப்பினார்களே என்று வயிறு எரிந்தது. லெட்சுமி கோபப்படவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டே கேட்டாள்: "சரி தம்பி, ஓடல. நெசமாவே கடல் வார அன்னிக்கு, ஊதுறது நீங்களா கடலான்னு யாரு வந்து எங்களுக்குச் சொல்லுவா?"

சோப்பு

அதற்கப்புறம் சைரனைத் தொடவில்லை. நடந்தேபோய்ச் சொல்வது என்று முடிவு செய்தோம். ஓடை நெடுக நானும் மங்ராவும் தமிழில், ஹிந்தியில், தெரிந்த அரைகுறை வங்காளத்தில் கத்திக்கொண்டே போவோம். ஒருநாள் ஒரு கான்ட்ராக்டர் நடு ஓடையில் உட்கார்ந்து தலையெல்லாம் சோப்பு நுரையாகக் குளித்துக்கொண்டிருந்தார். நம்ம ஊர்க்காரர், நெல்லைப் பக்கம். "அண்ணாச்சி, தண்ணி திறக்கப்போறோம், ஏறுங்க" என்றேன். அசையவில்லை. மறுபடி சொன்னேன். மேலே அணை பிதுங்கிக்கொண்டிருக்கிறது, இவர் நிதானமாகக் காதுக்குள் சோப்புப் போடுகிறார். கடைசியில் மங்ரா அவர் வேட்டி, சட்டை, துண்டு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு கரையேறி நடக்க ஆரம்பித்தான். மனுஷன் எழுந்து பின்னாலேயே ஓடிவந்தார், இடுப்பில் கையை வைத்து மறைத்துக்கொண்டு கத்தினார்: "சைரன் ஊதாம எப்படிவே திறப்பே? எனக்கு ரூல் தெரியாதுன்னு நெனச்சியா?"

பெரிய சைரன்

சைரனை மாற்றித் தாருங்கள் என்று கேட்டோம் அல்லவா? மாற்றினார்கள். அதே சத்தத்தில், இன்னும் பெரிதாக, போட் நிற்கிற ஜெட்டி வரைக்கும் கேட்கிற மாதிரி ஒன்று மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கியது. அதற்கு ஒரு திறப்பு விழா வேறு. அணைமேல் ஷாமியானா, லட்டு, ஷட்டர் சக்கரத்துக்குச் சாமந்தி மாலை. பெரிய அதிகாரி வந்து பட்டனை அமுக்குவாராம், உடனே நான் ஷட்டரைத் திறக்க வேண்டுமாம். கொட்டகையில் சொல்லிவிட்டு வா என்று மங்ராவை அனுப்பினேன். அவன் திரும்பும்வரை பொறுக்கும்படி ஜே.ஈ.யிடம் கெஞ்சினேன், அவரும் போய் அதிகாரி காதில் சொன்னார். அதிகாரிக்குப் போட் பிடிக்கிற அவசரம். அமுக்கிவிட்டார்.

கீழே பார்த்தேன். அதே ஓட்டம். தரைப்பாலத்தில் ஏற்கெனவே கணுக்கால் அளவு மழைத்தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. லெட்சுமி புருஷனைச் சுமந்துகொண்டு பாதிப் பாலம் வந்தவள் வழுக்கி விழுந்தாள். இரண்டு பேரும் ஓடைக்குள்.

"கோலோ! கோலோ!" என்று திறக்கச் சொல்கிறார் அதிகாரி. நான் சக்கரத்தின் கைப்பிடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். "தண்ணியில ஆள் கிடக்கு சார், திறக்க மாட்டேன்" என்று தமிழிலேயே கத்தினேன். எவன் இவனை இங்கே போட்டது என்று ஹிந்தியில் அவர் கத்தினார். வேலை போனால் மயிரே போச்சு என்று இருந்தது எனக்கு. அதற்குள், கொட்டகைக்கு இன்னும் போய்ச் சேராமல் பாலத்துக்குக் கிட்டே போய்க்கொண்டிருந்த மங்ரா ஓடையில் குதித்து, லெட்சுமி புருஷனைச் சட்டையைப் பிடித்துக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டான். லெட்சுமி வேரைப் பிடித்துத் தானே ஏறினாள்.

ஏறியவள் சும்மா உட்காரவில்லை. சேறும் சகதியுமாக, சேலை நீர் சொட்டச் சொட்ட, அணை மேட்டில் ஏறி நேரே ஷாமியானாவுக்குள் வந்தாள். தடுக்க வந்த பியூன் அவள் முகத்தைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டான். அதிகாரிக்குத் தமிழ் தெரியுமா தெரியாதா என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை. "கடலு எங்களத் தேடி ஒரு தடவதான் வந்துச்சு தொர. நீங்க இன்னும் எத்தன தடவ அதைக் கூப்புடுவீங்க?"

எலி

கடமையைச் செய்யத் தவறியதாக எனக்கு மெமோ வந்தது. சைரனுக்கும் ஒரு வியாதி வந்தது. திறப்பு விழாவுக்கு மறுநாளிலிருந்து அது ஊதவே இல்லை. நாங்கள் பழையபடி நடந்தோம். லெட்சுமியின் கொட்டகைக்கு முதலில் போய், "அக்கா, தண்ணி திறக்கிறோம், பாலத்துப் பக்கம் வராதீங்க" என்று சொல்லிவிட்டு, ஓடை முழுக்கப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் சக்கரத்தைத் தொடுவோம். அதற்குப் பிறகு எங்களால் ஒருத்தரும் ஓடவில்லை.

ஆபீஸ் சும்மா விடுமா? பழுது என்ன என்று பார்க்க ஜே.ஈ.யை அனுப்பியது. வந்தார், ஏணி வைத்து ஏறினார். ஒயரை விரலால் தடவிப் பார்த்தார். இறங்கி வந்து, என்னையும் பார்க்காமல் மங்ராவையும் பார்க்காமல், தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு சொன்னார்: "எலி கடிச்சிருக்குன்னு எழுதிக்கிறேன். அடுத்த தடவை அந்த எலியைக் கொஞ்சம் கோணலாக் கடிக்கச் சொல்லுய்யா."

சர்க்கார் சம்பளம் வாங்கிக்கொண்டு நான் இத்தனை வருஷத்தில் உருப்படியாகச் செய்த ஒரே வேலை, சர்க்கார் சாமான் ஒன்றைக் கெடுத்து வைத்ததுதான்.