மானோடு மட்டும் கதைத்த பிள்ளை

அந்த ஆண்டு நான் மூன்றாம் வகுப்புக்குப் பொறுப்பாசிரியை. எங்கள் பள்ளிக்கூடம் திருகோணமலை நகரத்தில், துறைமுகத்துக்கு அடுத்த தெருவில் இருக்கிறது. பத்து மணிக்குப் பிறகு உப்புக்காற்று ஜன்னல் வழியே வந்து பிள்ளைகளின் கண்களைச் சொக்க வைக்கும். கப்பல் ஊதினால் பாடம் ஒரு கணம் நின்றுபோகும். நகரத்தில் திரியும் மான்கள் மதிலோரம் புல் மேயும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இரண்டாம் தவணை தொடங்கிய வாரத்தில் ஒரு தாய் தன் மகளைக் கூட்டி வந்தார். சின்ன வயதில் போருக்குத் தப்பித் தமிழ்நாட்டுக்குப் படகேறியவர். அங்கே அகதி முகாமில் வளர்ந்து, கலியாணம் முடித்து, இப்போதுதான் திரும்பியிருந்தார். மகள் முகாமிலேயே பிறந்தவள், எட்டு வயது. அவளுடைய பிறப்புப் பதிவு இன்னும் கொழும்பிலிருந்து வரவில்லை.

“கடதாசி வரேக்க வரட்டும். பிள்ளை வகுப்பில இருக்கட்டும்” என்றார் பள்ளி அதிபர்.

முதல் நாள் வரவு இடாப்பில் அவள் பெயரைக் கூப்பிட்டேன். எங்கள் பிள்ளைகள் “டீச்சர்” என்று மட்டும் சொல்வார்கள். அவள் எழுந்து, கைகளை விறைப்பாக வைத்துக்கொண்டு, “உள்ளேன் அம்மா!” என்றாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

அதன் பிறகு அவள் வாய் திறக்கவில்லை. தமிழை முத்து முத்தாக எழுதுவாள், கணக்கும் நன்றாக வரும். ஏதாவது கேட்டால் மட்டும் மேசையைப் பார்த்தபடி நிற்பாள். சிங்களப் பாடத்தில் மற்றவர்கள் பாட்டுப் பாடும்போது, ஓர் எழுத்தும் தெரியாமல் ஜன்னலுக்கு வெளியே எங்கோ மிதந்துகொண்டிருப்பாள். மூன்று வாரம் இப்படியே போனது.

ஒருநாள் இடைவேளையில் பின்மதில் பக்கம் போனேன். வெயில் மங்கலாக இருந்தது. வேப்பமரத்தடியில் ஒரு பெண்மான். அதன் முன்னால் அவள், கையில் பாண் துண்டோடு.

“பயப்படாத, சாப்பிடு. எங்க ஊர்ல ஆடுதான் இருக்கும். ஒன்ன மாதிரி யாரும் இல்ல.”

அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது! நான் அசையாமல் நின்றேன். மான் பாணை முகர்ந்துவிட்டு மெல்ல நடந்து போனது. திரும்பியவள் என்னைக் கண்டாள். ஓடவில்லை.

“டீச்சர், நாங்க எப்ப ஊருக்குப் போவோம்?”

“இதுதானே மகள் உங்கட ஊர்?”

“இது அம்மாவோட ஊரு” என்றாள்.

தாய் தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். மகளோ வீட்டை விட்டு வந்திருக்கிறாள். இரண்டும் ஒரே பயணம்தான் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் வகுப்பில், “அண்டைக்கு நான் சிரிச்சது பிழை” என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். பிள்ளைகள் விழித்தார்கள். அவள் தலை குனிந்திருந்தாள்.

பள்ளி விட்ட பிறகு அரை மணித்தியாலம் அவளுக்குச் சிங்கள எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். என் சிங்களமும் அரைகுறைதான். பக்கத்து ஊரான கிண்ணியாவிலிருந்து வரும் அவளுடைய பக்கத்து மேசைக்காரி, வாகனம் வரும்வரை எங்களோடு இருப்பாள். ஒரு பின்னேரம் நான் எழுதிய எழுத்தைப் பார்த்து, “ஜாங்கிரி மாதிரி இருக்கு!” என்று கத்தினாள் முகாமில் பிறந்தவள்.

“ஜாங்கிரியா? அதென்ன?” என்றாள் கிண்ணியாக்காரி.

“சுத்திச் சுத்தி இருக்கும். கடிச்சா பாகு வரும்.”

“அடியே, அதை நாங்க தேன்குழல் எண்டுதான் சொல்றது!”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த வாரம் வகுப்பு முழுவதும் அவளைச் சுற்றி நின்று, இதற்கு உங்கட இடத்தில என்ன பேர், அதற்கு என்ன பேர் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

ஆண்டிறுதியில் சிங்களத்தில் அவளுக்குக் குறைந்த புள்ளிகள்தான். ஆனாலும் நான்காம் வகுப்புக்குப் போனாள். பதிவுக் கடதாசி அதற்கும் பிறகுதான் வந்தது.

சில ஆண்டுகள் கழித்து, போன மாதம் பஸ் நிலையத்தில் அவளைக் கண்டேன். பெரிய பள்ளிக்கூடத்துக் கழுத்துப்பட்டி, இரண்டு சிநேகிதிகள். ஏதோ சுவாரசியமான கதை. மூச்சு விடாமல் கதைத்தபடி என்னைக் கடந்து போனாள். நான் கூப்பிடவில்லை. அவர்கள் ஏறிய பஸ் கடற்காற்றுக்குள் புறப்பட்டுப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.