பாலிஷ் போட்ட சொம்பு

ஓசூரில் குழாய் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினான்கு வருஷமாக பாலிஷ் போடுகிறவன் ஜெகதீஷ். ஒரு கீறல் இருந்தாலும் ரிஜெக்ட் என்று ஒதுக்கிவிடுகிற இடம். அவன் கை பட்ட பொருளில் முகம் பார்க்கலாம். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவனைக் கெடுத்தது.

வீட்டில் தண்ணீர் குடிக்க ஒரு செம்புச் சொம்பு. மனைவி பொற்கொடி தினமும் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்துக் கவிழ்ப்பாள். அதன் வயிற்றில் 'அக்காவுக்கு மாதவன்' என்று ஆணியால் குத்திய கோணல்மாணல் எழுத்து. கல்யாணச் சீருக்கு வாங்கியபோது, கடைக்காரரிடம் விடாமல் அவள் தம்பியே உட்கார்ந்து குத்தியது. மூன்று வருஷத்துக்கு முன் குருபரப்பள்ளியில் லாரி மோதி அவன் செத்துப்போனான். அவன் கையால் எழுதியதென்று வேறொன்றும் மிஞ்சவில்லை.

கல்யாண நாளுக்கு அசத்தலாமென்று ஜெகதீஷ் சொம்பைக் கம்பெனிக்குக் கொண்டுபோனான். எழுத்தைப் பார்க்காமல் இல்லை. பிறகு கடையில் கொடுத்து அதே எழுத்தை அழகாக வெட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தான், மகாராசன். உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும் எமரி பட்டையில் இரண்டு ஓட்டு, பளபளப்பேற்றும் பஃப் துணிச்சக்கரத்தில் ஒன்று. எழுத்து இருந்த இடம் தெரியாமல் சொம்பு தகதகவென்று வந்தது.

பொற்கொடி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்கம்மாகிட்ட என்னாங்க சொல்றது?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நாகரசம்பட்டியிலிருந்து மாமியார் சென்னம்மாள் வந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். வந்ததும் அந்த எழுத்தைக் கட்டைவிரலால் தடவிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார். அன்று விரல் சொம்பை இரண்டு சுற்று சுற்றி வந்தது.

"எங்கடி எம்புள்ள எழுதுனது?"

ஜெகதீஷ் வாயெடுப்பதற்குள் பொற்கொடி முந்திக்கொண்டாள். "நான்தாம்மா. தேச்சுத் தேச்சு அழிஞ்சுபோச்சு."

"அத அழிக்க உனக்கு எப்பிடிடி மனசு வந்துச்சு?"

சென்னம்மாள் குடிக்காமலே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஜெகதீஷ் பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போனான். உண்மையைச் சொல்லத்தான் போனான். பஸ் ஏறும்போது அவர் திரும்பி, "நீங்களாவது தடுத்திருக்கக் கூடாதா மாப்பிள்ளை?" என்றார்.

"சொன்னேங்க அத்தை, அவதான் கேக்கல" என்றான்.

ஆறு மாதமாகச் சென்னம்மாள் மகளோடு பேசுவதில்லை. போன் மருமகனுக்குத்தான் வரும். பொற்கொடி பக்கத்தில் வந்து நின்று, "அம்மா சாப்புட்டுச்சான்னு கேளுங்க" என்பாள்.