அக்கா தொட்டுக் காட்டிய இடங்கள்

நாதன் சார் போய்விட்டார். இன்று காலை, பூச்சோங்கில் மகள் வீட்டில்...

பேத்திதான் போனைப் பார்த்துச் சொன்னாள். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்குக் கதிர் வைக்கிற மெஷினுக்குக் கணக்குப் போடுகிறவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவர். எண்பதுகளில் என் அக்காவின் தோசைக் கடையில்தான் காலையில் பசியாறுவார். ஒரு முறுகல் தோசை, இழுத்து ஆற்றிய ஒரு தே தாரிக். வேறு எதுவும் கேட்கமாட்டார்.

அந்த அக்காவுக்குத்தான் மூக்குக்குப் பின்னால் கட்டி வந்தது. கண்ணுக்கு மிகவும் பக்கத்தில். கதிர் கூடினால் கண் போகும். குறைந்தால் கட்டி போகாது.

சார் அக்காவின் தலையைத் துண்டு துண்டாகப் படம் எடுக்க வைத்து, கம்ப்யூட்டருக்குள் ஒரு தலை செய்தார். எலும்பு எங்கே, சதை எங்கே, காற்று எங்கே, எல்லாம் அதில் உண்டு. நிஜத் தலைக்குப் போகும் முன்னால் அந்தத் தலைக்குள் கதிரை ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்ப்பாராம்.

அத்தானுக்கு நம்பிக்கை வரவில்லை. கடையில் வைத்தே கேட்டார். "கதிர் எங்க போவும்னு கம்ப்யூட்டருக்கு எப்படி சார் தெரியும்?"

"தாயக்கட்டை உருட்டுற மாதிரித்தான் அண்ணே. எலும்பில முட்டினா நேரா போகுமா, திரும்புமா, அங்கயே நிக்குமா? ஒவ்வொரு கதிருக்கும் உருட்டி உருட்டிப் பாக்கும். லட்சக்கணக்கில உருட்டினா எது எங்க போய்ச் சேருதெண்டு தெரிஞ்சிடும்."

அக்கா தோசைக்கரண்டியோடு திரும்பினாள். "அப்ப என் உயிர வச்சு தாயம் ஆடப்போறீங்களா சார்?"

சாருக்குச் சிரிப்பில் தேத்தண்ணி புரையேறிவிட்டது.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பெருமைக்குச் சொல்கிறேன், என் பேத்தி யூனிவர்சிட்டியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். அவளே சொல்கிறாள், அந்தத் தாயக்கட்டைக் கணக்கு நிஜம்தான் பாட்டி என்று.

முதல் நாள் கதிர் வைத்தபோது அக்காவின் கன்னத்தில் சின்ன வில்லை ஒன்றை ஒட்டினார்கள். எவ்வளவு கதிர் பட்டது என்று அது காட்டுமாம். கம்ப்யூட்டர் சொன்னது ஒன்று... வில்லை சொன்னது அதைவிட அதிகம்.

காரணம் தெரியும்வரை மெஷினைத் தொடக்கூடாது என்று டாக்டர் நிறுத்திவிட்டார். கட்டி அதுவரை வளராமல் நிற்குமா?

அக்காவைத் திரும்ப வரச் சொன்னார்கள். அத்தான், அக்கா, நான். சார் கேட்டார், "பல்லில தங்கம், வெள்ளி, ஏதும்? எப்பவாவது அடிபட்டுக் கம்பி வைச்சதா?"

"ஒண்ணும் இல்ல சார்," என்றாள் அக்கா. மேசைக்கு அடியில் என் கையை நெரித்தாள்.

எனக்குத் தெரியும். கடை போட்ட புதிதில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். கிள்ளானில் போமோ என்கிற மலாய் மந்திரவாதி ஒருவரிடம் போய், அக்கா கன்னத்தில் சுசுக் போட்டுக்கொண்டாள். மயிர் மாதிரி மெல்லிய தங்க ஊசிகள், தோலுக்கு அடியில். முகத்தைப் பார்த்தால் கடைக்கு ஆள் வரும் என்றார்கள். கூடப் போனவள் நான்தான். வாயைத் திறந்து சொன்னால் ஊசியே உயிரை எடுத்துவிடும் என்று போமோ சொல்லியிருந்தார். அத்தானோ கோயில் கமிட்டிக்காரர். தெரிந்தால் அக்காவை வீட்டுக்குள் விடமாட்டார்.

சொன்னாலும் அக்கா சாவாள், சொல்லாவிட்டாலும் சாவாள்... அன்றைக்கு எனக்கு அப்படித்தான் பட்டது.

அப்போது மலாய்க்கார நர்ஸ் ஒருவர் உள்ளே வந்தார். அக்காவின் தலையை முதலில் எடுத்த படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதில் சின்னச் சின்ன வெள்ளைக் கோடுகள் இருந்தன. படக் கோளாறு என்று நினைத்து, கம்ப்யூட்டரில் அதையெல்லாம் அழித்துவிட்டிருந்தார்கள். மலாய்க்காரருக்குச் சுசுக் தெரியாதா? நர்ஸ் சாரின் காதில் ஏதோ சொன்னார்.

சார் அக்காவைப் பார்க்கவில்லை. அத்தானைப் பார்த்தார்.

"அண்ணே, உங்கட கார் வழியை மறிச்சு நிக்குது போல. ஒருக்கா நகர்த்தி விடுங்கோ லா."

அத்தான் வெளியே போனதும் சார் ஒரு பிளாஸ்டிக் முகமூடியை எடுத்து மேசையில் வைத்தார். கதிர் வைக்கும்போது தலை அசையாமல் இருக்க அக்காவின் முகத்துக்கே அளவெடுத்துச் செய்தது.

"வாயால சொல்ல வேண்டாம் அக்கா. இது உங்கட முகம். தொட்டு மட்டும் காட்டுங்கோ."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு விரலால் அந்த மூடியைத் தொட்டாள். சார் பேனாவால் புள்ளி வைத்தார். இன்னொரு இடம். இன்னொரு புள்ளி...

அத்தான் திரும்பி வந்தார். "கார் ஓரமாத்தான் சார் நிக்குது. இது என்ன புள்ளி?"

"கணக்குக்கு அண்ணே."

ஊசிகளையும் கம்ப்யூட்டர் தலைக்குள் வைத்து சார் முதலிலிருந்து உருட்டினார். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர், மெதுவாகத்தான் ஓடும். ஓடி முடிகிறவரை வைத்தியம் இல்லை. கடை மூடிக் கிடந்தது. அக்கா கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டாள். வாயால் சொல்லாவிட்டாலும் காட்டியது காட்டியதுதானே, ஊசி உயிரை எடுத்துவிடும் என்று பயந்து படுத்திருந்தாள்.

கதிர் போகும் பக்கத்தை மாற்றினார்கள். திரும்பவும் வில்லை ஒட்டினார்கள். நாங்கள் வெளியே பெஞ்சில். சார் வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கடை எப்ப திறப்பீங்க?" என்று கேட்டார். "ரெண்டு கணக்கும் ஒத்துப்போச்சு. எனக்குப் பசிக்குது."

அக்கா இன்றைக்கும் இருக்கிறாள், செந்தூலில். இரண்டு கண்ணும் தெரியும். அத்தான் போய் வருஷங்கள் ஆயின.

காலையில் அக்காவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அப்புறம் கேட்டாள், "கடைசி வரைக்கும் உங்க அத்தான்கிட்ட அவரு சொல்லலல்ல?"

"சொல்லலக்கா."

"அப்ப நீ எழுது. நான் வாயால சொல்லல. நீதானே எழுதுற."

எழுதிவிட்டேன்.

போய் வாருங்கள் நாதன் சார். இன்று மாலை உங்களைப் பார்க்க வருகிறோம். அக்கா கல்லைக் காய வைத்திருக்கிறாள்... ஒரு முறுகல், இலையில் சுற்றி எடுத்து வருகிறாளாம்.