கல்யாணக் கேசட்டில் ஒரு நிஜ விமானம்

1. எஞ்சின் எண்ணிய மாப்பிள்ளை

"அண்ணே, ஏறும்போது ரெண்டு எஞ்சின். மேல போனா நாலு. இறங்கும்போது ரெக்கையில ஒண்ணுமே இல்ல, வால்ல ரெண்டு ஒட்டிக்கிட்டிருக்கு. நடுவானத்துல குட்டி போட்டுச்சா?"

நீடாமங்கலத்தில் நான் நடத்திய வீடியோ கடையில் தன் கல்யாணக் கேசட்டின் டிரையலைப் பார்த்துவிட்டு சாதிக் இப்படிக் கேட்டான். ஊருக்கு ஊர் கேபிள் கனெக்‌ஷன் வந்துகொண்டிருந்த காலம். தெருவுக்கு நாலு பேர் வளைகுடாவில் இருந்தார்கள். மாப்பிள்ளைக்கு அங்கே வேலை என்றால் மிக்ஸிங்கில் விமானம் வைத்தே ஆக வேண்டும். ஹார்ட்டுக்குள் பெண்ணின் முகம் சிரிக்கும், அதைக் கிழித்துக்கொண்டு விமானம் கிளம்பும். மூன்று ஆங்கிலப் படங்களிலிருந்து சுட்டு ஒட்டிய விமானம் அது. ஆறு வருஷமாக எங்கள் பக்கத்து மாப்பிள்ளைகள் அத்தனை பேரையும் அதில்தான் ஏற்றி அனுப்பினேன். ஒருத்தரும் குறை சொன்னதில்லை.

எனக்குச் சுருக்கென்றது. "ஏந்தம்பி, பொண்ணப் பாப்பியா, எஞ்சின எண்ணுவியா?"

"என் பொழப்பே அதுதாண்ணே" என்றான். வெளிநாட்டு ஏர்போர்ட் ஒன்றில் விமானங்களுக்குச் சக்கரம் மாற்றுகிற வேலை அவனுக்கு.

பிறகு குரலை இறக்கி விஷயத்தைச் சொன்னான். அவன் மனைவி ரஹீமா கல்யாணமான மூன்றாம் நாள் டிவியில் ஒரு படம் பார்த்திருக்கிறாள். விமானம் குலுங்குகிறது, எஞ்சின் எரிகிறது, ஆளாளுக்கு அலறுகிறார்கள். அதோடு சரி. "நான் இங்கேயே இருந்துக்கிறேன், நீங்க லீவுக்கு வந்து போங்க" என்றுவிட்டாள். சாதிக் அடுத்த வாரம் கிளம்புகிறான். அவளுக்கு வாங்கிய விசா இரண்டு மாதத்தில் முடிகிறது. அதற்குள் அவள் தனியாக ஏறி வந்தாக வேண்டும்.

"நிஜத்துல என்னென்ன நடக்கும்னு அப்படியே காட்டுங்கண்ணே. கேசட்டப் போட்டுப் போட்டுப் பாத்து பழகிக்கட்டும். இல்லன்னா வருஷத்துக்கு ஒரு மாசந்தான் எனக்குக் குடும்பம்."

இதைச் சொல்லும்போது அவன் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கோபமெல்லாம் போய், தலைகால் புரியாத உற்சாகம் வந்துவிட்டது.

2. ஷட்டர் சத்தம்

தெர்மாகோலில் ஆறடி ரெக்கை செய்தேன். அட்டையில் ஜன்னல் வெட்டி, அதன் வழியாக கேமராவை வைத்தேன். ரெக்கை ஆடாமல் இருக்க அடியில் முட்டுக் கொடுத்ததும் சாதிக் பதறினான்.

"எடுங்கண்ணே. நுனி லேசா மேலயும் கீழயும் ஆடணும். ஆடுனாத்தான் நல்ல ரெக்கை."

தரையை விட்டுக் கிளம்பினதும் சக்கரம் உள்ளே போகிற சத்தம் வேண்டும் என்றான். எதை எதையோ தட்டிப் பார்த்தோம், சரிவரவில்லை. கடைசியில் கடை ஷட்டரை மேலிருந்து விட்டேன். "தடால்" என்றது. சாதிக் குதித்தே விட்டான். "இதேதாண்ணே, இன்னொரு தடவ." பன்னிரண்டு டேக் எடுத்தோம். பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"செல்வம், கடையத் தொறக்குறியா, சாத்துறியா? ஒரு முடிவுக்கு வாப்பா."

ரெக்கையின் பின்பக்கத்துப் பலகைகள் நகர்கிற முனகலுக்கு எங்கள் வீட்டு கிரைண்டர் வெறுமனே ஓடியது. தரையில் இறங்கியதும் வருகிற பேரிரைச்சலுக்குக் கதிரடிக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்து, உடம்பெல்லாம் தூசியோடு வந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே சாதிக்கின் குரல் டப்பிங். "ரஹீமா, இப்ப தடால்னு கேக்கும். சக்கரம் உள்ள போகுது. அடுத்து எஞ்சின் சத்தம் கொறையும். கீழ விழுறோமோன்னு தோணும். விழ மாட்டோம், நான் சொல்றேன்ல." பேசி முடிப்பதற்குள் வெட்கத்தில் நெளிந்துவிட்டான்.

கிளம்பும் காட்சியை மட்டும் நிஜமாக எடுத்தேன். வழியனுப்ப வேனில் போன பதினான்கு பேரோடு நானும் திருச்சிக்குப் போய், வேலிக்கு வெளியே வயலோரத்தில் நின்றேன். சாதிக் ஏறிய விமானம் எழும்பியது. பதினான்கு பேரும் லென்ஸுக்கு முன்னால் கை ஆட்டினார்கள். ஃபிரேமில் பாதி விமானம், பாதி அவன் மாமியாரின் முழங்கை. எஞ்சினை எண்ணினேன். இரண்டேதான்.

3. போன்

கேசட்டைக் கொடுத்ததிலிருந்து எனக்குத் தூக்கமே சரியில்லை. ரஹீமா தினம் இரண்டு தடவை போட்டுப் பார்க்கிறாள் என்று அவளைப் பெற்ற அத்தா சொன்னார். போவாளா என்று கேட்டால், "தெரியலையே தம்பி" என்பார். விசா முடிய ஒன்பது நாள் இருந்தபோது அவளே டிக்கெட் போடச் சொல்லிவிட்டாள். அவள் கிளம்பிய நாளில் நான் ஒரு வேலையும் பார்க்கவில்லை.

மறுநாள் கடைக்கு போன் வந்தது.

"அண்ணே, ரஹீமா பேசுறேன். எல்லாம் நீங்க காட்டுன மாதிரியே இருந்துச்சு. தடால்னதும் பக்கத்து சீட்டு குத்தாலத்துக்காரரு முன்சீட்டக் கட்டிப் புடிச்சிக்கிட்டாரு. ஒண்ணுமில்லண்ணே, சக்கரம் உள்ள போகுது, அடுத்து கிரைண்டர் ஓடும்னேன். ஓடுச்சு. அதுலேருந்து எறங்குற வரைக்கும் எல்லாத்தையும் என்கிட்டதான் கேட்டாரு."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஆனா காது அடைக்கும்னு ஏண்ணே சொல்லல? செவிடாயிட்டேன்னு நெனச்சு அழுதுட்டேன். எறங்குனா இவங்க எதுக்க நின்னு என்னமோ பேசுறாங்க, ஒண்ணும் விளங்கல. இத்தன வருஷம் ஏறி எறங்குற மனுஷனுக்கு இது தெரியலையே."

சாதிக்குக்குத் தெரியாமல் இல்லை. பழகிப்போனதால் மறந்துவிட்டான். விஷயம் தெரிந்தவரிடம் ஒரு தடவை கேட்டால், முதல் தடவையாகப் போய் வந்தவரிடம் இரண்டு தடவை கேட்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். எதையாவது சப்பி எச்சில் விழுங்கினால் காது அடைக்காதாம். அடுத்த கல்யாணத்திலிருந்து விமானம் கிளம்பும் இடத்தில் டைட்டில் ஓடவிட்டேன்: "இப்போது வாயில் மிட்டாய் போடவும்."

அப்புறம் எந்த வீட்டில் அந்தக் கேசட் ஓடினாலும் மிட்டாய்த் தட்டு சுற்றி வரும். பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் முப்பது பேரும் ஆளுக்கொன்று வாயில் அடக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி மேலே ஏறுவார்கள்.