ஜெபசீலி டீச்சருக்கு வெட்டிக் கொடுத்த வெல்வெட்

புது வெல்வெட் துணிச்சுருளைப் பிரித்து உள்ளங்கையால் ஒரு பக்கமாகத் தடவினால் பூனைக்குட்டி முதுகு மாதிரி வழுக்கும். எதிர்ப்பக்கம் தடவினால் முடி எழுந்து நின்று நிறமே கறுத்துவிடும்...

தொண்ணூறுகளில், வண்ணார்பேட்டையில் என் துணிக்கடை. வெல்வெட் வாங்க வருகிறவர்கள் கல்யாண மேடை போடுகிறவர்கள்தான். பாளையங்கோட்டைக் காலேஜில் இயற்பியல் பாடம் எடுத்த ஜெபசீலி டீச்சர் மட்டும் அரை மீட்டர் கேட்டு வருவார்.

எதற்கென்று கேட்டேன்.

"கண்ணாடியத் தடவ, அண்ணாச்சி."

விளையாட்டில்லை. கால்குலேட்டரில் எண் தெரிகிற இடத்தில், இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே திரவப் படிகம் என்று ஒன்று இருக்கிறதாம். அதன் மூலக்கூறுகள் ஒழுங்காக ஒரே திசையில் படுத்தால்தான் எண் தெளிவாகத் தெரியும். அப்படிப் படுக்க வைக்க, கண்ணாடியில் பாலிஇமைடு என்ற மெல்லிய படலத்தைப் பூசி, வெல்வெட்டால் ஒரே பக்கமாகத் தடவ வேண்டும். டீச்சரின் பிஎச்.டி. ஆராய்ச்சியே அதுதான்.

ஒருநாள் முகம் வாடி வந்தார்.

"அண்ணாச்சி, உங்க துணி பஞ்சு விடுது."

எனக்குச் சுருக்கென்றது. "என்ன டீச்சர் இப்படிச் சொல்லுதிய? எந்தக் கல்யாண வீட்லயும் ஒரு குறை சொன்னதில்லயே!"

"கல்யாண வீட்ல மைக்ராஸ்கோப் வச்சா பாக்காவ?"

பிறகுதான் விஷயம் வந்தது. மாசக் கடைசியில் அவருடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற கைடு வந்து பார்ப்பார். கீறல் இல்லாத ஒரு கண்ணாடியாவது காட்டாவிட்டால் தலைப்பையே விட்டுவிடச் சொல்லிவிட்டாராம். மூன்று வருஷ உழைப்பு...

மறுநாள் அவருடைய ஆய்வகத்துக்கே போனேன். உண்மையைச் சொல்கிறேன், என் துணிக்காக வாதாடத்தான் போனேன். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் நீளநீளமாக வெள்ளைக் கீறல். நடுநடுவே பஞ்சு.

என் கடைப் பஞ்சு!

"டீச்சர், இதவிட ஒசந்த வெல்வெட் எங்கிட்ட இருக்கு. அதுவும் பஞ்சு விடும். விடாத வெல்வெட் ஒலகத்துலயே கெடயாது. என் சரக்கு இதுக்கு ஆவாது."

டீச்சர் மேஜையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் கட்டுரையை எடுத்தார். துணியே வேண்டாம், வெளிச்சத்தை வைத்தே படிகத்தைப் படுக்க வைக்கலாம் என்று வெளிநாட்டில் எழுதியிருக்கிறார்களாம். அதற்குப் புற ஊதா விளக்கு வேண்டும். காலேஜ் மூலம் வர ஆறு மாசம் ஆகும்.

"தெருவிளக்கு மெர்க்குரி பல்புல வெளிக்கண்ணாடிய எடுத்துட்டா அந்த வெளிச்சம் வரும், அண்ணாச்சி. யாரு எடுத்துத் தருவா?"

என் பக்கத்துக் கடை எலெக்ட்ரிகல்ஸ் சுடலை தந்தான். சும்மா தரவில்லை. "ஏலே, புது பல்ப வாங்கி ஒடைக்கச் சொல்லுத ஒரே ஆளு நீதாம்லே!"

பல்பைப் பெட்டிக்குள் வைத்து, சாய்த்து அடுக்கிய கண்ணாடித் தகடுகள் வழியாக வெளிச்சத்தை விட்டார் டீச்சர். வெளியே வரும்போது அது ஒரே திசையில்தான் ஆடுமாம்.

"அது பட்டா, படலத்துல அந்தத் திசையில இருக்க இழை மட்டும் அறுந்துபோவும். குறுக்க இருக்கது நிக்கும். படிகம் அத ஒட்டிப் படுத்துக்கிடும்."

"அப்போ நெசவுல ஊடு நூல உருவிட்டுப் பாவு நூல மட்டும் விடுதிய!"

"அதேதான்!" முதல்முறையாகச் சிரித்தார்.

கைடு வந்த அன்று சாயங்காலம் டீச்சர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கடைக்கு வந்தார். கையில் தீப்பெட்டி அளவு கண்ணாடி. ஒளியை வடிகட்டுகிற இரண்டு கறுப்புத் தகடுகளுக்கு நடுவே வைத்து, வெளிச்சத்தில் திருப்பினார். முழுக்கக் கறுப்பு. இன்னும் கொஞ்சம் திருப்ப, முழுக்க வெள்ளை. ஒரு கீறல் இல்லை.

"என்ன சொன்னாவ டீச்சர்?"

"மூணு தடவ திருப்பிப் பாத்தாவ. 'தீசிஸ் எழுத ஆரம்பிங்க'ன்னுட்டாவ." பிறகு மெதுவாக, "இனிமே வெல்வெட் வேண்டாம், அண்ணாச்சி..."

அதற்கப்புறம் அவர் கடைக்கு வர வேலையில்லை. வரவும் இல்லை.

இப்போது பெரிய பெரிய கம்பெனிகளே வெளிச்சத்தால்தான் படிகத்தைப் படுக்க வைத்து டிவி, போன் திரை செய்கிறார்களாம். என் கடையும் மூன்று மாடி ஆகிவிட்டது. போன வாரம் ஒரு பெண் போன் திரையில் ஒரு சேலையைக் காட்டி, "இதே கலர் வேணும்" என்றாள். எங்களிடம் இருந்தது அதற்குக் கிட்டத்தட்ட.

"வெயில்ல பாத்தா இதேதாங்க்கா" என்றான் சேல்ஸ்மேன்.

அதே கலர் இல்லை என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு டீச்சரிடம் சொன்ன மாதிரி வாயைத் திறக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்...

அதற்குள் பில் போட்டாயிற்று.