நாலாவது படகு

பகல் பதினொன்றரைக்கு எங்கள் படகு கரைக்குத் திரும்பிவிடும். கண்ணெதிரே நூறு டால்பின்கள் இருந்தாலும் திரும்பிவிடும். நியூசிலாந்தின் தெற்குத் தீவில் நான் வேலை பார்க்கும் இந்தச் சின்னத் துறைமுகத்தில், கோடைக்காலத்தில் டால்பின்களுக்குப் பகலில் இரண்டு மணி நேரம் ஓய்வு. இரவெல்லாம் ஆழத்தில் இரை தேடிவிட்டு, பகலில் கரையோரமாக வந்து, கூட்டமாக, பாதித் தூக்கத்தில் மெல்ல நீந்திக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பயணிகள் படகு எதுவும் பக்கத்தில் போகக் கூடாது. நான் சேர்ந்த முதல் வாரம், படகை ஓட்டும் ஸ்கிப்பர் கேரன் இதைப் பயணிகளிடம் அறிவித்தபோது வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். கூடச் சிரிக்க ஒருவரும் இல்லை. இது மூன்றாவது வருடம். இப்போது அந்த இரண்டு மணி நேரத்துக்காக நானும் காத்திருக்கிறேன். ஐம்பது வயதில், ஆடுகிற தளத்தில் காலையிலிருந்து நின்ற முழங்கால்களுக்கு இப்படி ஒரு சட்டம் போட எந்த நாட்டிலும் ஆள் இல்லை.

என் வேலை எழுதுவது. நேரம், இடம், எத்தனை டால்பின், நாங்கள் நின்ற தூரம், முந்நூறு மீட்டருக்குள் இருந்த படகுகள். மூன்று படகுக்கு மேல் கூடாது. நாலாவதாக வருவது வெளியே நின்று காத்திருக்க வேண்டும். பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில், நாங்கள் வந்த பிறகு அவற்றின் போக்கில் என்ன மாறியது என்று எழுத வேண்டும். மாதக் கடைசியில் பதிவேடு அரசு அலுவலகத்துக்குப் போகும். வருடா வருடம் படகின் அனுமதி அதைப் பார்த்துத்தான் புதுப்பிக்கப்படும்.

பதிவேடு எனக்குப் புதிதல்ல. இங்கே முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸாக இருக்கும் என் கணவரோடு வந்து சேரும்வரை, பன்னிரண்டு வருடம் கேரள எல்லையிலுள்ள குமுளியில் ஒரு ஜீப் சவாரி ஆபீஸில் இருந்தேன். எந்த ஜீப், எத்தனை பேர், எத்தனை மணிக்குப் போனது, எப்போது வந்தது என்று எழுதுவேன். அதைவிடப் பெரிய வேலை போன் பிடிப்பது. மலைப்பாதையில் எந்த டிரைவர் யானையைப் பார்த்தாலும் முதலில் எனக்குத்தான் கூப்பிடுவான். "மல்லிகாக்கா, நாலாவது வளைவுல ஆனை நிக்குது. குட்டியும் இருக்கு. நம்ம பசங்களச் சீக்கிரம் வரச் சொல்லுங்க," என்பான் செல்வம். நான் வரிசையாக எல்லோருக்கும் சொல்வேன். பத்து நிமிடத்தில் எட்டு ஜீப் நிற்கும். பார்த்ததை மறைப்பது எங்கள் ஸ்டாண்டில் பெரிய துரோகம். ஒருமுறை மறைத்தவனோடு ஒரு மாதம் யாரும் டீக்கடையில் நிற்கவில்லை. அவன் டம்ளரோடு வந்தால், "ஆனய ஒளிச்சு வச்சவன் வாரான், டீயையும் ஒளிச்சு வச்சுக்கங்கப்பா," என்பார்கள். தூரத்திலிருந்து வந்த யாரும் வெறுங்கண்ணோடு திரும்பக் கூடாது. அதை நான் தர்மமாகவே நினைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு காலை. எங்கள் படகுக்கு எண்பது மீட்டரில் ஒரு தாய் டால்பின், பக்கத்தில் குட்டி. பிறந்து சில நாள்தான் இருக்கும். கருவில் மடங்கிக் கிடந்ததன் கோடுகள் விலாவில் இன்னும் மறையவில்லை. வேறு படகு எதுவும் இல்லை. எஞ்சின் நின்றிருந்தது. ஒரு பயணிக்கு மயக்கம் வந்துவிட, கேரன் பின்பக்கம் போனாள். ரேடியோவை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அப்போது அதில் டேவ் என்பவரின் குரல் வந்தது. இன்னொரு படகின் ஸ்கிப்பர், நல்ல மனிதர். காலையிலிருந்து ஒன்றும் கிடைக்கவில்லை, பயணிகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, உங்களிடம் ஏதாவது உண்டா என்றார்.

குட்டியோடு இருப்பதை ரேடியோவில் சொல்வதில்லை என்பது எங்கள் படகில் முதல் நாளே சொல்லித் தரப்பட்டது. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் இடத்தைச் சொன்னேன், குட்டி இருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னேன். அது எல்லாப் படகும் கேட்கிற அலைவரிசை.

கால் மணி நேரத்தில் நாலு படகு வந்தன. எங்களோடு ஐந்து. தாய் திசை மாற்றியது, மூழ்கியது, வேறு பக்கம் எழுந்தது. குட்டி பின்தங்கியது. இரண்டுக்கும் நடுவில் ஒரு படகு. கேரன் ஓடி வந்து ரேடியோவில் எல்லோரையும் எஞ்சினை நிறுத்தச் சொன்னாள். பிறகு எங்கள் படகை மெதுவாகப் பின்னுக்கு எடுத்தாள். நான் கடைசியாகப் பார்த்தபோது குட்டி தனியாக இருந்தது.

"யார் சொன்னது?" என்றாள்.

"நான்தான்."

படகைக் கரைக்குத் திருப்பினாள். இறங்கும்போது, "அதைப் பதிவேட்டில் எழுது," என்று மட்டும் சொன்னாள். பழியை நான் ஏற்க வேண்டும் என்கிறாள் என்று புரிந்துகொண்டேன். நியாயம்தான். இது என் தவறு, ஸ்கிப்பருக்கு இதில் பங்கில்லை என்று கடைசிக் கட்டத்தில் ஆறு வரி எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு ஆறையும் அடித்தாள். "யார் தவறு என்று கேட்கிற கட்டம் இதில் இல்லை. டால்பின் என்ன செய்தது என்று எழுது," என்றாள்.

படகுத்துறையில் டேவ் அருகில் வந்தார். "மூன்று என்று எழுதேன். அவ்வளவு தூரத்தில் யாருக்குச் சரியாக எண்ண வரும்?" என்று சிரித்தார். கேரனின் அனுமதி புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. அவளுக்கு அந்த ஒரு படகுதான். அவள் காதிலும் அது விழுந்தது. கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தாள், என் பக்கம் திரும்பவில்லை. நான் ஐந்து என்று எழுதினேன். தாய் நான்கு முறை திசை மாற்றியது, குட்டி பிரிந்தது, சேர்ந்ததைப் பார்க்கவில்லை என்று எழுதினேன்.

அந்த வாரம் செல்வத்திடம் போனில் இதைச் சொன்னேன்.

"அஞ்சுன்னா அஞ்சுன்னே எழுதிட்டீங்களா? இங்க இருந்தப்ப ஆனை என்ன செஞ்சுச்சுன்னு ஒருநாளாவது எழுதியிருக்கீங்களாக்கா?"

இல்லை. பன்னிரண்டு வருட நோட்டுகளில் ஜீப்பின் நம்பர் ஒன்றுகூடத் தவறியிருக்காது. யானை எந்தப் பக்கம் போனது என்று ஒரு வரி கிடையாது.

"அங்கயும் ரெண்டு மூணு ஜீப் போதும்னு வச்சா நல்லாத்தான் இருக்கும் செல்வம்," என்றேன்.

"நல்லாத்தான் இருக்கும். நாலாவது ஜீப்பு என்னோடதுக்கா. அதுல வந்தவங்களுக்கு நான் என்னத்தச் சொல்ல? அக்கரைக்குப் போயிட்டீங்க, இனி சட்டமெல்லாம் பேசுவீங்க."

அவன் கோபத்தில் சொல்லவில்லை. ஆனால் தமிழ்நாட்டுப் பக்கம் கம்பத்தில் மலையாளத்தி, கேரளப் பக்கம் குமுளியில் பாண்டிக்காரி என்று அழைக்கப்பட்டபோதுகூட இவ்வளவு சோர்ந்ததில்லை.

அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அனுமதி ரத்தாகவில்லை, இடத்தை ரேடியோவில் சொன்னது எங்கள் படகு என்பதால் எங்களுக்கு ஒரு மாதம் டால்பின் பயணம் நிறுத்தம், அதன் பிறகே புதுப்பிப்பு. சம்பந்தப்பட்ட மற்றப் படகுகளுக்கு எச்சரிக்கை. டேவ் இப்போது எனக்கு வணக்கம் சொல்வதில்லை. கேரன் படகுக்கு வண்ணம் அடிக்கிறாள். "சும்மா இருக்காதே, கரையிலிருந்து எண்ணு," என்று தொலைநோக்கியைக் கொடுத்தாள்.

அதனால் இந்த வாரம் முழுவதும் குன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். தாயும் குட்டியுமாகப் பல சோடிகள் தெரிகின்றன. அந்தக் குட்டி அவற்றில் இருக்கிறதா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. இன்று காலை ஒரு கூட்டத்தைச் சுற்றி மூன்று படகுகள் நின்றன. நாலாவதாக வந்தது டேவின் படகு. முந்நூறு மீட்டருக்கு வெளியே எஞ்சினை நிறுத்திவிட்டார். பயணிகள் எல்லோரும் ஒரே பக்கம் கூடி, கைகளை நெற்றியில் வைத்து, தெரியாத ஒன்றைப் பார்க்க முயன்றுகொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் முன்னால் போங்களேன் என்று என் வாய் முணுமுணுத்தது, தமிழில். கை, உள்ளே மூன்று, வெளியே ஒன்று என்று எழுதிக்கொண்டிருந்தது. உள்ளிருந்த ஒரு படகு விலகுவதற்குள் மணி பதினொன்றரை ஆகிவிட்டது. நாலாவது படகு எதையும் பார்க்காமலே கரைக்குத் திரும்பியது.